பொடி தண்ணீராகும் தொட்டி

பார்த்தால் சாதாரண இரும்புத் தொட்டிதான். இடுப்புயரம் இருக்கும். முக்கால் பாகத்துக்கு வெள்ளைப் பொடி. ஒரு கம்பியை எடுத்து அதில் குத்தினால் சாண் ஆழம் இறங்கி நின்றுவிடும். புளோயரை ஓடவிட்டதும் பொடியின் மட்டம் மெல்ல மேலே வருகிறது. மேடும் பள்ளமுமாகக் கிடந்தது தானே சமப்படுகிறது. உலை கொதி வரும்போது தெரிவதுபோல அங்கங்கே குமிழ்கள் எழுந்து உடைகின்றன. இப்போது அதே கம்பி, விரலை எடுத்த மாத்திரத்தில் அடிவரை போய்விடும். தொட்டியின் விளிம்பைத் தட்டினால் அலை ஓடும். டேபிள் டென்னிஸ் பந்து மிதக்கும், இரும்பு நட்டு முழுகும். கையை உள்ளே விட்டால் ஈரமே இல்லாத தண்ணீர் விரலிடுக்குகளில் நகர்கிறது.

பவுடர் கோட்டிங் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது கையில் ‘கன்’ பிடித்து, மின்னேற்றிய பொடியைப் பொருள்மேல் தூவும் காட்சி. கிரில் கேட், பீரோ, பைக் உதிரிபாகம் என்று நம் ஊர் ஜாப் ஒர்க் ஷெட்டுகளில் தினமும் நடப்பது அதுதான். அது நல்ல வேலை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மனம் இந்தத் தொட்டியில்தான் நிற்கிறது. சூடேற்றிய பொருளைப் பொடிக்குள் முக்கி எடுக்கும் இந்த ‘டிப்’ வேலையில், எவ்வளவு பூச்சு வேண்டும் என்பதை உலோகம் தன் சூட்டைக் கொண்டு தானே தீர்மானிக்கிறது. மனிதன் தருவது நேரத்தையும் அசைவையும் மட்டும். வேறு எந்தப் பூச்சு வேலையிலும் இந்தப் பங்கீட்டை நான் பார்த்ததில்லை.

தொட்டிக்குள் நடப்பது இதுதான். அடிப்பாகம் இரண்டு அடுக்கு. கீழே வெறும் காற்றறை. அதன்மேல் போரஸ் பிளேட் என்கிற நுண்துளைத் தட்டு; காற்று அதில் ஏறும், பொடி இறங்காது. தொட்டியின் பரப்பு முழுக்க ஒரே சீராகக் காற்று மேலேறுகிறது. அதைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்றின் உந்தல் பொடியின் மொத்த எடைக்குச் சமமாகிறது. அதுவரை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த துகள்கள் அந்தக் கணத்தில் விலகி, ஒவ்வொன்றும் காற்றில் தாங்கி நிற்கிறது. அதற்குமேல் காற்றைக் கூட்டினாலும் அழுத்தம் ஏறாது; மிச்சக் காற்று குமிழாக வெளியேறும். நன்றாக அமைந்த தொட்டியில் பொடி பழைய உயரத்தைவிட மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை உயர்ந்து நிற்கும்.

எல்லாப் பொடியும் இதற்கு இணங்காது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் கெல்டார்ட் 1973இல் பொடிகளை அவற்றின் துகள் அளவையும் அடர்த்தியையும் வைத்து நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். மைதா போல மிக நுண்ணிய பொடியில் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். காற்று எங்காவது ஒரு பொத்தலைப் போட்டுக்கொண்டு அதன் வழியே ஓடிவிடும். பருமனான துகள்களோ துள்ளிக் குதிக்கும், அமைதியாக மிதக்காது. டிப் வேலைக்கான பொடி பெரும்பாலும் 80 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். கன்னில் போடும் பொடி இதைவிட நுண்ணியது, சராசரியாக 30, 40 மைக்ரான். ஒன்றுக்கு அரைத்ததை இன்னொன்றில் போட முடியாது.

தேர்ந்த ஆள் தொட்டியின் முகத்தைப் பார்த்தே அதன் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடுவார். சிறு குமிழ்கள் எங்கும் பரவலாக, நிதானமாக வந்து உடைந்தால் எல்லாம் சரி. ஒரு மூலையில் மட்டும் பீறிட்டால் அங்கே தட்டு விரிசல் விட்டிருக்கிறது, அல்லது மற்ற இடங்களில் அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே புகை மாதிரி தூசு கிளம்பினால் காற்று அதிகம். நுண்துகளெல்லாம் பறந்து போகிறது. ஒரு பக்கம் அசையாமல் கிடந்தால், அங்கே முக்கிய பொருளின் அடிப்பாகத்தில் பூச்சு மெலிந்து வரும். காற்று உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிரையர் இல்லாமல் சென்னையில் இதை ஓட்டினால் பொடி கட்டி தட்டும். கம்ப்ரசரிலிருந்து எண்ணெய்த் துளி கலந்து வந்தாலோ, பூச்சில் குழி குழியாக விழும். அழுத்தம் குறைவாக, அளவு தாராளமாகக் காற்றைத் தரும் புளோயரைப் பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொடியைக் காற்றால் மிதக்கவைப்பது 1950களில் புதிதல்ல. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்ளர் 1920களிலேயே நிலக்கரித் துகள்களை இப்படி மிதக்கவைத்து எரிவாயு எடுத்தார். அதைப் பூச்சுக்குக் கொண்டுவந்தவர் எர்வின் கெம்மர்; நப்சாக்-கிரீஸ்ஹைம் என்ற ஜெர்மன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அன்றைக்கு இருந்த சிக்கல் இது: பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்குகள் சாதாரண வெப்பநிலையில் எந்தத் திரவத்திலும் கரையாது, ஆகவே பெயிண்டாகத் தயாரிக்க முடியாது. சுடர் வழியே பொடியை ஊதிப் பார்த்தார்கள், பெரும்பகுதி வீணாயிற்று. கெம்மர் 1953இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனையில் பொடியை யாரும் எங்கும் வீச வேண்டியதில்லை. பொடி சூடில்லாமல் தொட்டியில் மிதந்துகொண்டிருக்கும். பொருளைச் சூடாக்கி அதற்குள் இறக்க வேண்டும். இதே முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை 1958இல் கிடைத்தது. இவ்வளவு எளிய திருப்பம் ஒரு தொழிலையே உண்டாக்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். கையில் இருப்பது பாத்திரம் கவிழ்க்கும் கம்பிக் கூடை. சுற்றுச்சட்டம் ஆறு மில்லிமீட்டர் கம்பி, உள்வரிசையெல்லாம் மூன்று மில்லிமீட்டர், சந்திப்புகளில் ஸ்பாட் வெல்டிங். எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் போகச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் பிரைமர் கொடுத்து, ஓவனுக்குள் அனுப்புகிறார்கள். பொடியையும் கம்பியின் பருமனையும் பொறுத்து 250இலிருந்து 350 டிகிரிவரை சூடு ஏறுகிறது. ஓவன் கதவு திறந்த நிமிடத்திலிருந்து எல்லாம் அவசரம்தான். மெல்லிய கம்பி சீக்கிரம் ஆறும், தடித்த சட்டம் சூட்டை வைத்துக்கொள்ளும். ஆகவே ஓவனுக்கும் தொட்டிக்கும் நடுவில் நாலு எட்டுக்குமேல் தூரம் இருந்தால் அந்த ஷெட்டை வடிவமைத்தவர் இந்த வேலையை அறியாதவர் என்று சொல்லிவிடலாம்.

கூடை சாய்வாக இறங்குகிறது. தட்டையாக இறக்கினால் அடிப்புறத்தில் காற்று தேங்கும், மேற்புறத்தில் பொடி குவியும். உள்ளே போனதும் இடமும் வலமுமாக ஓர் அசைவு, பிறகு ஒரு திருப்பு. சூடான கம்பியைத் தொட்ட துகள் இளகி ஒட்டுகிறது, அதன்மேல் அடுத்தது. ஒட்டிய அடுக்கு தடிக்கத் தடிக்க, உள்ளிருக்கும் சூடு வெளியே வருவது குறைகிறது. பூச்சு வளர்வதும் மட்டுப்படுகிறது. மூன்று விநாடியிலிருந்து பத்து விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். வெளியே எடுத்ததும் கொக்கியில் ஒரு தட்டுத் தட்டி, ஒட்டாத பொடியை உதறுகிறார்கள். அந்த நேரத்தில் கூடை பார்க்க அழகாக இருக்காது. சொரசொரப்பாக, பாதி இளகியும் பாதி பொடியுமாக இருக்கும். மீண்டும் சில நிமிடம் ஓவன். சொரசொரப்பு இளகிப் பரவி, மேனி வழவழப்பாகிப் பளபளக்கும். கன் கொடுப்பது வழக்கமாக 60, 80 மைக்ரான். இங்கே ஒரே முக்கலில் 250இலிருந்து 500 மைக்ரான்வரை ஏறியிருக்கும்.

மனிதத் திறமை முழுவதும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் சட்டம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் முன், மூன்று மில்லிமீட்டர் கம்பி போதிய அளவு எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஒரு கணத்தைக் கண்டுபிடித்து அங்கே வெளியே இழுக்க வேண்டும். பழகிய ஆள் விநாடியை எண்ணுவதே இல்லை. பெரிய ஆலைகளில் இந்த நேரத்தை இயந்திரக் கைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே உருப்படியை ஆயிரக்கணக்கில் செய்யும்போது அது சரிதான். தினம் ஒரு வடிவம் வந்து இறங்கும் சிறிய ஷெட்டில் இன்னும் மனிதக் கைதான் நல்லது என்பது என் எண்ணம்.

தொட்டியிலிருக்கும் பொடி வெவ்வேறு வகை. பி.வி.சி., பாலிஎத்திலீன், நைலான், எபாக்சி. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நைலான் 11. காரணம், அது பெட்ரோலியத்திலிருந்து வருவதில்லை. ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது. பிரான்சில் 1940களில் உருவாகி, ரில்சான் என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில்; அதிலும் பெரும்பங்கு குஜராத்தில். நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வயிற்றுக்கு மருந்தாகவும் விளக்குக்கு எண்ணெயாகவும் நாம் அறிந்த கொட்டை, வேதிமாற்றங்கள் பலவற்றைக் கடந்து, 190 டிகிரிக்குச் சற்றுக் கீழே இளகும் பொடியாகி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் தட்டுக் கூடைமேலும் குடிநீர்க் குழாய் வால்வுக்குள்ளும் போய் ஒட்டியிருக்கிறது. வெந்நீருக்கும் சோப்புக்கும் அது அசைவதில்லை. இடித்தாலும் சட்டென்று பெயர்வதில்லை.

கன்னோடு ஒப்பிட்டால் தொட்டியின் பெருமை மூலைகளில் தெரியும். மின்னேற்றிய பொடி, உள்ளொடுங்கிய மூலைக்குள் போக மறுக்கும். மின்புலம் அங்கே நுழையாது. உலோகக் கூண்டுக்குள் மின்புலம் எட்டாது என்று மைக்கேல் ஃபாரடே 1836இல் காட்டிய அதே விஷயம். கன் பிடிப்பவர்கள் வோல்டேஜைக் குறைத்து, கோணத்தை மாற்றி, அந்த மூலையோடு மல்லுக்கட்டுவதை எந்த ஷெட்டிலும் பார்க்கலாம். தொட்டியில் அந்தத் தொல்லையே கிடையாது. பொடி தண்ணீராக நடந்துகொள்வதால், தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் போகும்.

இரண்டையும் சேர்த்த ஒரு முறையும் உண்டு. தொட்டியில் ஏறும் காற்றையே மின்னேற்றிவிடுகிறார்கள். துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளி, மேகமாக எழுந்து நிற்கின்றன. எர்த் செய்த பொருளை அந்த மேகத்துக்குள் கடத்தினால் சூடில்லாமலேயே பொடி வந்து படிகிறது. மேகத்தின் அடர்த்தி உயரம் ஏற ஏறக் குறையும் என்பதால் சிறிய, தட்டையான உருப்படிகளுக்குத்தான் இது பொருந்தும். மோட்டார் ஆர்மேச்சரின் காடிகளில், செப்புக்கம்பி சுற்றும் முன் எபாக்சிப் பொடியால் மின்காப்பு கொடுப்பது இந்தக் குடும்பத்து வேலைதான். அங்கே கூர்முனைகளில் பூச்சு மெலியாமல் நிற்க வேண்டும், காடிக்குள் தடித்துக் கம்பிக்கு இடமில்லாமலும் போகக் கூடாது. கண்ணுக்கு எட்டாமல் மோட்டாருக்குள் மூடிவிடப்போகிற இடத்தில் இத்தனை நுட்பம் காட்டுகிறவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

தொட்டிக்குக் குறைகளும் உண்டு. கூடை முழுகும் அளவுக்குப் பொடி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும்; பத்து உருப்படிக்காகவும் முழுத் தொட்டியை நிரப்பித்தான் ஆக வேண்டும். நிறம் மாற்றுவது பெரும்பாடு. மெல்லிய தகடு சூட்டை வைத்துக்கொள்ளாது, ஆகவே ஒட்டாது. மெலிதான, நேர்த்தியான பூச்சு வேண்டுமென்றால் கன்னிடம்தான் போக வேண்டும். கன் வைத்திருக்கும் அறையில் ஒட்டாமல் பறந்த பொடியைக் காற்றோடு இழுத்து, சைக்கிளோனில் சுழற்றி, வடிகட்டியில் பிடித்து, சலித்து மீண்டும் கன்னுக்கே அனுப்பும் ஏற்பாடு உண்மையிலேயே நல்ல பொறியியல். தொட்டிக்கு அவ்வளவு சுற்று தேவைப்படுவதில்லை. உதறியது அங்கேயே விழுகிறது.

ஒரு நல்ல டிப் வேலையை எப்படி அடையாளம் காண்பது? பளபளப்பை நம்பக் கூடாது. பாத்திரக் கூடையைத் திருப்பி, கம்பிகள் குறுக்கிடும் வெல்டிங் சந்திப்புகளைப் பார்க்க வேண்டும். அங்கே பூச்சு இரண்டு கம்பிக்கும் நடுவிலுள்ள இடுக்கை நிரப்பி, உள்வளைவாக வழிந்து சேர்ந்திருந்தால் சூடும் நேரமும் கூடி வந்திருக்கின்றன. ஊசிமுனை அளவு துளை தெரிந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். சமையலறையில் பழைய கூடை எங்கே முதலில் பழுப்பேறியிருக்கிறது என்று பார்த்தாலே இது புரியும். அடுத்து, வெட்டிவிட்ட கம்பி முனைகள். இளகிய பிளாஸ்டிக் கூர்விளிம்பை விட்டு விலகி ஓடும் இயல்புடையது. ஆகவே முனையை முன்கூட்டியே உருட்டி மழுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். கடைசியாகக் கொக்கித் தடம். எப்படி முக்கினாலும் கொக்கி பிடித்த இடத்தில் பூச்சு விழாது. பிறகு தொட்டுத்தான் சரிசெய்வார்கள். அந்தத் தடத்தைத் தண்ணீர் நிற்கும் நடுக்கம்பியில் விட்டவர்களும் உண்டு. கூடையின் கால் நுனியில் கொக்கியை மாட்டி, ஆறிய பிறகு அதன்மேல் ரப்பர் புஷ் போட்டு மூடி அனுப்புகிறவர்களும் உண்டு. நான் காசு கொடுப்பது இரண்டாமவருக்கு.