மணியொலிக்கு அஞ்சிய தூதுவன்

சார்லி சாப்ளின் எழுதி இயக்கிய இறுதித் திரைப்படமாகிய ‘ஹொங்கொங்கிலிருந்து வந்த சீமாட்டி’ 1967ஆம் ஆண்டு வெளிவந்தது. சவூதி அரேபியத் தூதுவராக நியமனம் பெறும் அமெரிக்கர் ஒக்டன் மியர்ஸின் கப்பலறையில், நாடற்ற ரஷ்யப் பெண்ணான நட்டாஷா ஒளிந்துகொள்கிறாள். கதவுமணி ஒலிக்குந்தோறும் இருவரும் பதறியோடுவதே இப்படத்தின் நகைச்சுவை. கடவுச்சீட்டில்லாதவள் அஞ்சுவது இயல்பு, அதிகாரமுடையவன் நடுங்குவதேன்? அவன் காக்க முனைவது நாட்டின் மானத்தையன்று, தன் பதவியையே. இவ்வினாவே வெறுஞ்சிரிப்பைச் சிந்தனையாக்குகிறது.

மார்லன் பிராண்டோவின் நடிப்பில் நெகிழ்ச்சியில்லை என்பர். ஓட்டக் காட்சிகளில் அக்குறை மெய்யே. ஆயினும் பதவிக்குள் இறுகிப்போன மனிதனுக்கு அவ்விறுக்கம் பொருந்துகின்றது. சோபியா லோறனின் துடிப்பு அதனை மேலும் புலப்படுத்துகின்றது. ஈற்றில் ஹொனலுலுவில் அவளைத் தேடிவந்து, பலர் காண அவளோடு நடனமாடுகிறான். ஒளிப்பதற்கு எதுவுமில்லாத அக்கணத்திலேயே தூதுவன் மனிதனாகிறான்.