யாரோடு அமர்ந்து உண்பது? பள்ளி தேடுவது குறித்துச் சில குறிப்புகள்

இலக்கியப் பிரதிகளை வாசிப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தனியார் பள்ளிகள் அச்சிட்டுத் தரும் விளக்கக் கையேடுகள்மீது காட்டுவதில்லை. நானும் காட்டியதில்லை. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிவந்தபோது மூன்று கையேடுகள் வீட்டுக்கு வந்தன. தாமிரபரணிக் கரையில் ஒரு சிறுநகரம் எங்களுடையது. மூன்றும் வழவழப்பான தாள். மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் ஒன்றுதான்: 'விழுமியங்கள்'. ஒன்றில் 'பாரம்பரிய விழுமியங்கள்', மற்றொன்றில் 'ஒழுக்க விழுமியங்கள்'. மாற்றுக் கல்வி பேசும் மூன்றாவது பள்ளியோ 'உங்கள் குடும்ப விழுமியங்களோடு ஒத்துப்போகிற சூழல்' என்கிறது.

எவை அந்த விழுமியங்கள்? மூன்று பிரதிகளும் இந்த இடத்தில் மௌனம் சாதிக்கின்றன. இம்மௌனம் தற்செயலானதல்ல. சொல்லிவிட்டால் யாரோ ஒருவர் விலகிப் போய்விடக்கூடும். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு தகப்பனும் தன் மனதில் இருப்பதை அந்தச் சொல்லுக்குள் போட்டு நிரப்பிக்கொள்வான். ஆக இது ஒரு வெற்றுக் குறிப்பான். கட்டண விவரம் மட்டும் தனித்தாளில், கையேட்டோடு ஒட்டாமல், உள்ளே செருகப்பட்டிருக்கிறது. விழுமியத்துக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பது போல.

மௌனத்தைப் பேசவைப்பது விண்ணப்பப் படிவம். தாயின் கல்வித் தகுதி, வீட்டில் பேசும் மொழி, தந்தையின் மாத வருமானம், உணவுப் பழக்கம் சைவமா அசைவமா. இது விடுதிப் பள்ளி அல்ல, பகல் பள்ளிதான். பின் எதற்கு இந்தக் கேள்வி என்று அலுவலகத்தில் கேட்டேன். "டப்பாவுல முட்டைகூட கொண்டுவரக் கூடாது சார், அதுக்குத்தான்" என்றார் அங்கிருந்த பெண். சாதி என்ன என்று வாய்திறந்து கேட்கவே தேவையில்லாத ஒரு படிவத்தை இவ்வளவு நேர்த்தியாக வடிவமைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எவ்விதத் தெரிவுமுறைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய்வரை அபராதம், அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. எங்களை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசிய முதல்வர், "இது இன்டர்வியூ இல்ல, சும்மா ஒரு அறிமுகம்" என்றார். நானும் சிரித்தபடி, படித்த புத்தகங்களையெல்லாம் அவருக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். சட்டப் பிரிவு எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. 'தேறிவிட வேண்டும்' என்கிற பதற்றம் அவரைவிட எனக்குத்தான் அதிகம் இருந்தது.

அல்தூஸர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், தேவாலயமும் குடும்பமும் என்றிருந்த பழைய இணையின் இடத்தைப் பள்ளியும் குடும்பமும் என்ற இணை பிடித்துக்கொண்டுவிட்டதாக வாதிட்டார். அதே ஆண்டில் வெளிவந்த பூர்தியு, பாஸரோன் நூல், பள்ளியானது வீட்டிலிருந்து வரும் பண்பாட்டு மூலதனத்தையே 'திறமை' என்று பெயர்மாற்றித் திருப்பித் தருவதை விளக்கியது. இவற்றையெல்லாம் நாம் பிரான்சைப் பற்றிய செய்திகளாகவே வாசித்து முடித்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. ஏனென்றால் இதே இணை எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் நூறாண்டுகளுக்கு முன்பே அம்பலப்பட்டிருக்கிறது.

சேரன்மாதேவி குருகுலத்தைச் சொல்கிறேன். 1920களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் நடத்திய அது, அரசுக் கல்விக்கு மாற்றாக, தேசிய விழுமியங்களுக்காகவே எழுந்த பள்ளி. தமிழ்நாட்டுக் காங்கிரஸின் நிதியுதவியும் அதற்குக் கிடைத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப் பந்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்பியபோது சொல்லப்பட்ட சமாதானம்தான் நமக்கு முக்கியம்: அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அதாவது, குடும்ப விழுமியத்தைப் பள்ளி மதித்தது. பிரச்சினை ஐயர் என்கிற தனிமனிதரின் நேர்மை பற்றியதல்ல. 'உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பள்ளி' என்னும் சொல்லாடல் தன் தர்க்கத்தின் எல்லைவரை போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தத் தனிப் பந்தியே சாட்சி.

இப்படி எழுதிவிட்டு அரசுப் பள்ளிக்கு நடையைக் கட்டியிருந்தால் கட்டுரை அழகாக முடிந்திருக்கும். முதலில் நான் போனது அந்த மாற்றுக் கல்விப் பள்ளிக்குத்தான். அடி இல்லை, தரவரிசை இல்லை, மரத்தடி வகுப்பு, தமிழில் பேசலாம். எல்லாம் நாம் எழுதிவந்தவைதான். அங்கே வந்திருந்த பெற்றோர்களில் பாதிப்பேரை எனக்குத் தெரிந்திருந்தது. மீதிப்பேரும் தெரிந்தவர்களைப் போலவே இருந்தார்கள். ஊர்ச்சேரி இரண்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிற இடமாக அது இல்லை. கட்டணமே அதைப் பார்த்துக்கொண்டது. என் விழுமியமும் ஒரு தனிப் பந்திதான் என்று புரிந்தபோது சங்கடமாக இருந்தது.

என் மனைவி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. "அப்ப உன் பள்ளிக்கூடத்துலயே சேத்துருவோம்" என்றேன், ஏதோ தியாகம் செய்பவனைப் போல. "அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சருங்க. அவங்க லீவு போட்டா நான் ஒருத்தி. என் நேரத்துல பாதி செல்போன்ல விவரம் ஏத்தறதுலயே போகுது. உங்க கொள்கைக்குப் புள்ளயப் பலி குடுக்காதீங்க. அங்க படிக்கிற புள்ளைங்களுக்கு மூணாவதா ஒரு வாத்தியார் கேட்டு எழுதுங்க, அது உபயோகம்" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அரசுப் பள்ளியைப் புனிதப்படுத்துவதும் அதனுள்ளே இருக்கிற குழந்தைகளைப் பார்க்காமல் இருப்பதற்கான ஒரு வழிதான்.

முடிவில் அரசு உதவிபெறும் பழைய பள்ளி ஒன்றைத் தேர்ந்தோம். நிர்வாகம் தனியார், சம்பளம் அரசு. நியமனங்களில் நிர்வாகத்தின் சாதிக்கு ஒரு சாய்வு உண்டு என்பது ஊரறிந்தது. ஆனால் தமிழ் வழி, போதுமான ஆசிரியர்கள், எல்லாத் தெருவிலிருந்தும் பிள்ளைகள். நான் பள்ளியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: மதியம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தா சாப்பிடுகிறார்கள்?

தலைமையாசிரியை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். சத்துணவு வாங்கும் பிள்ளைகள் தட்டோடு வராந்தாவில். டப்பா கொண்டுவந்தவர்கள் வகுப்பறைக்குள். "யாரும் விதி போடல சார். தானா அப்படி ஆயிருச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சாதி தன் வேலையைச் செய்வதே இந்தத் 'தானா'வின் வழியாகத்தான். 1925இல் எதிர்ப்பதற்கு ஒரு விதியும் விதித்தவரும் இருந்தார்கள். இன்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மகளுக்கு டப்பா கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். இதை ஒரு புரட்சியாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை வராந்தாவில் உட்காருவதால் சுவர் இடிந்துவிடாது. அவளிடம் கேட்காமல் எடுத்த முடிவு என்பதும் உறுத்துகிறது. ஆனால் இதன் விளைவாக ஒன்று தெரியவந்தது. இத்தனை நாள் கையேடுகளில் நான் தேடிக்கொண்டிருந்த 'எங்கள் குடும்ப விழுமியம்' என்ன என்பதை என் அம்மா ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

"ஏல, நம்ம வீட்டுப் புள்ளய அவுகளோட தட்டத் தூக்கிட்டு வரிசையில நிப்பாட்டுதியே, நாலு பேரு என்னல சொல்லுவாக?"

இரண்டு வாரமாக அம்மா என்னோடு பேசுவதில்லை. பேத்தியிடம் மட்டும், தினமும் சாயங்காலம், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்கிறாள். அவளும் தினமும் ஒரு பெயரைச் சொல்கிறாள். வெறும் பெயரை மட்டும்.