180 லிட்டரில் ஒன்றரை

சிறுநீரகம் என்று வாயெடுத்தாலே பேச்சு கல்லுக்குத்தான் போகும். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையுமா, தக்காளி விதை ஆகாதாமே, பக்கத்து வீட்டுக்காரருக்கு எத்தனை எம்.எம். இருந்தது. வலித்தவருக்கு அந்தப் பேச்சு வேண்டியதுதான். ஆனால் இத்தனை நுணுக்கமான வேலைப்பாட்டை அது பழுதாகும்போது மட்டும் நினைத்துக்கொள்வது என்ன நியாயம்? இலக்கிய ரசிகர் டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்தால் ஒரே அடியைத் திருப்பித் திருப்பிச் சொல்லி ரசிப்பார் என்பார்கள். அந்த நிதானத்தோடு இந்த உறுப்பையும் கொஞ்சம் பார்க்கலாம்.

பார்ப்பதற்கு ஆஸ்பத்திரி வேண்டாம். கள்ளக்குறிச்சிப் பக்கம் வடக்கனந்தலிலோ பக்கத்துக் கச்சிராயபாளையத்திலோ ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில் "அண்ணே, குண்டிக்காய் இருந்தா சேத்துப் போடுங்க" என்று கேட்டால் போதும். வெள்ளைக் கொழுப்புக்குள் பொதிந்து கிடக்கும். கொழுப்பை உரித்துவிட்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். வெளியே செம்பழுப்பில் ஒரு பட்டை. அது புறணி. உள்ளே நிறம் மாறும். நடுக்குழியை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். அது அகணி. ஆட்டுக்கு அகணி ஒரே திரளாக இருக்கும். மனிதருக்குப் பிரமிடு வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். மற்றபடி நமக்குள் இருப்பதும் ஏறக்குறைய இதேதான். அந்தக் கோடுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதச் சிறுநீரகம் ஒன்று சுமார் 11 சென்டிமீட்டர் நீளம், 150 கிராம் எடை. முதுகெலும்பின் இரு பக்கமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, குடலுக்குப் பின்னால் இருக்கிறது. மேலே கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். மூச்சை இழுக்கும்போது இரண்டும் கொஞ்சம் இறங்கும், விடும்போது ஏறும். இரண்டும் சேர்ந்தாலும் உடல் எடையில் நூற்றில் அரைப்பங்கு தேறாது. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமாக, இவற்றுக்குத்தான் போகிறது. கிராமுக்குக் கிராம் கணக்குப் பார்த்தால் மூளைக்கும் இந்தச் சலுகை இல்லை.

இத்தனை ரத்தம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க நாளாயிற்று. இத்தாலிய மருத்துவர் மால்பீகி சிறுநீரகத் தமனிக்குள் சாராயத்தில் கலந்த கறுப்புத் திரவத்தைச் செலுத்தி, நுண்ணோக்கியில் பார்த்து, ரத்தக் குழாய்க் கிளைகளில் ஆப்பிள் பழங்களைப் போலத் தொங்கும் சிறு உருண்டைகளை 1666-ல் எழுதிவைத்தார். அந்த உருண்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, அந்த உறைதான் நீண்டு குழாயாகிறது என்று காட்டியவர் லண்டனின் வில்லியம் போமன். ஆண்டு 1842. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. உருண்டையும் குழாயும் சேர்ந்த அந்த அலகுக்கு நெஃப்ரான் என்று பெயர். சராசரியாக ஒரு சிறுநீரகத்தில் பத்து லட்சம் இருக்கும். ஆளுக்கு ஆள் இது ரொம்பவே கூடக் குறையும்.

உருண்டையை இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். குளோமருலஸ் என்கிற இது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. உடலில் மற்ற இடங்களில் தமனி சிறுத்து நுண்குழாயாகும், நுண்குழாய் சிரையில் போய்ச் சேரும். இங்கே நுண்குழாய்க் கொத்தின் இரு முனையிலும் தமனிதான். உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியே இறுக்கவும் தளர்த்தவும் முடியும். அதனால் கொத்துக்குள் ரத்த அழுத்தம் மற்ற நுண்குழாய்களைவிட இரண்டு மடங்கு. உடம்பில் அழுத்தம் ஏறி இறங்கினாலும் இங்கே பெரிதாக அசையாது. நுண்குழாய்களின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும் செல்களுக்குக் கால்கள் உண்டு, கால்களுக்கு விரல்கள் உண்டு. ஒரு செல்லின் விரல்களுக்கு இடையே அடுத்த செல்லின் விரல்கள் நுழைந்திருக்கும். நடுவே மிஞ்சும் இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை; அதிலும் ஒரு மெல்லிய புரத வலை. நீர் போகும், உப்பு போகும், சர்க்கரை, யூரியா போகும். ரத்த அணு போகாது. ரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமின் அநேகமாகப் போகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்க்கிறார்களே, அது இந்த இடுக்குகள் சேதமாகிப் புரதம் கசிகிறதா என்கிற சோதனைதான்.

இப்படி வடிகிற நீர் ஒரு நாளைக்கு 180 லிட்டர். நம் உடம்பில் ஓடும் ரத்தத்தில் நீர்ப்பகுதி மூன்று லிட்டர்தான். ஆக அந்த மூன்று லிட்டரும் தினம் அறுபது தடவை வெளியே போடப்பட்டு மறுபடி உள்ளே எடுக்கப்படுகிறது. கடைசியில் நாம் வெளியேற்றுவது ஒன்றரை லிட்டர்.

சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது, கழிவை அகற்றுகிறது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பொய்யில்லை; ஆனால் அதன் உழைப்பில் பெரும்பங்கு அகற்றுவதில் இல்லை, மீட்பதில் இருக்கிறது. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்வது போலத்தான். மூலை மூலையாகக் குப்பையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டோம். இருக்கிற சாமான் அத்தனையையும் வாசலில் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுப்போம். இந்த முறையில் ஒரு பெரிய சாமர்த்தியம் இருக்கிறது. எது கழிவு என்று ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எது வேண்டும் என்று தெரிந்தால் போதும். நேற்று ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் செய்த ஒரு மருந்து, மனித உடம்பு இதுவரை கண்டிராத ஒரு பொருள், ரத்தநீரில் கரைந்து வந்தால் குழாயில் இறங்கிவிடும். திரும்ப எடுக்க ஆளில்லாவிட்டால் அது தானாக வெளியே போய்ச் சேரும்.

மீட்பின் முதல் கட்டம் உருண்டையை ஒட்டிய சுருள்குழாயில். அதன் உட்சுவர்ச் செல்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் அடர்ந்து நிற்கும். வடிந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே திரும்பிவிடுகிறது. சர்க்கரையோ முழுக்கத் திரும்புகிறது. கரும்பு விளைகிற ஊரில் இதைச் சொல்லத்தான் வேண்டும்: சர்க்கரை வியாதி இல்லாதவரின் சிறுநீரகம் தினமும் வாசலில் போட்டு எடுக்கும் சர்க்கரை சுமார் 180 கிராம். அதில் சிந்துவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டிய பிறகுதான் அள்ளும் கைகள் போதாமல் சிறுநீரில் இனிப்பு இறங்குகிறது. அந்தக் கைகளில் சிலவற்றை வேண்டுமென்றே கட்டிவைக்கும் மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. டாபாக்லிஃப்ளோசின் அவற்றில் ஒன்று. சர்க்கரையைக் குறைக்க வந்தது, சிறுநீரகத்தையே காக்கிறது என்று பிறகு தெரிந்தது. உப்பிலும் இதே கறார்தான். தினம் ஒன்றரைக் கிலோ சமையல் உப்புக்கு ஈடானது வடிகிறது. நூற்றில் ஒரு பங்குகூட வெளியே போவதில்லை.

இனி கறிக்கடையில் பார்த்த அந்தக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் ஹென்லே வளைவு என்று ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்துக் கடந்துவிட்டோம். எனக்கு இந்த உடம்பிலேயே அதிகம் பிடித்த இடம் இது. சுருள்குழாய் திடீரென்று நேராகி, புறணியை விட்டு அகணிக்குள் இறங்கி, கீழே ஒரு திருப்பம் திரும்பி, வந்த வழிக்கு இணையாகவே மேலேறுகிறது. இறங்கும் கிளையின் சுவர் தண்ணீரை வெளியே விடும். ஏறும் கிளையின் சுவர் தண்ணீரை விடவே விடாது. உப்பை மட்டும் வெளியே தள்ளும். தள்ளிய உப்பு வெளித்திசுவில் சேர்கிறது. அந்த உப்பு, பக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் குழாயிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. இறங்கும் நீர் அதனால் அடர்ந்து, அடர்ந்தபடியே திரும்பி ஏறும் கிளைக்கு வருகிறது. அங்கே தள்ளுவதற்கு இன்னும் அதிக உப்பு. ஒரு மட்டத்தில் கிடைப்பது சின்ன வித்தியாசம்தான். ஆனால் எதிரெதிராக ஓடுவதால் அது படிப்படியாகப் பெருகி, அகணியின் நுனியில் ரத்தத்தைப் போல நான்கு மடங்கு அடர்த்தி வந்துவிடுகிறது. தண்ணீரைப் பிடித்து இழுக்கும் விசைப்பொறி எதுவும் உடம்பில் இல்லை. இங்கே மொத்தமும் உப்பை நகர்த்தியும் குழாயை மடக்கியும் நடந்த காரியம்.

இதைக் கண்டு சொன்னவர் ஒரு மருத்துவர் அல்ல, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து இயற்பிய வேதியியலாளர் வெர்னர் கூன். 1942-ல் கருத்தாகச் சொன்னார். நிரூபணம் 1951-ல், அவரும் ஹார்கிட்டை, விர்ட்ஸ் இருவரும் சேர்ந்து. எலியின் சிறுநீரகத்தை உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, எந்த இடத்துப் பனிப்படிகம் முதலில் உருகுகிறது என்று பார்த்தார்கள். உப்பு மிகுந்த இடம்தானே முதலில் உருகும்? நுனி முதலில் உருகியது. எத்தனை எளிய சோதனை!

ஏறிய குழாய் எங்கே போகிறது என்பது அடுத்த நயம். லட்சக்கணக்கான உருண்டைகளுக்கு நடுவே, தான் புறப்பட்ட அதே உருண்டையைத் தேடி வந்து, இரண்டு தமனிகளுக்கும் இடையில் உரசிக்கொண்டு போகிறது. உரசும் இடத்தில் உப்பை ருசி பார்க்கும் செல்கள். உப்பு அதிகம் வந்தால், வடிப்பு வேகமாகிவிட்டது என்று பொருள். உள்வரும் தமனி இறுகும். குறைந்தால் தளரும், ரெனின் சுரந்து உடம்பு முழுவதன் ரத்த அழுத்தத்துக்கும் சேதி போகும். தலைமையகத்தைக் கேட்காமல் ஒவ்வொரு நெஃப்ரானும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது.

பங்குனி வெயிலில் இந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்று பார்க்க வடக்கனந்தல் பக்கத்துக் கரும்புக் காடு சரியான இடம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீரைத் தேக்கும் கோமுகி அணை பக்கத்தில். கூட்டுறவு சர்க்கரை ஆலை கச்சிராயபாளையத்தில். வெட்டுக்கு வந்தவர் விடிகாலையில் கூழ் குடித்துவிட்டு இறங்கியிருப்பார். சோகை கையைக் கிழிக்காமலிருக்க முழுக்கைச் சட்டை. உச்சிக்குள் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போய்விடும். ரத்தத்தின் அடர்த்தி நூற்றில் ஒன்றிரண்டு கூடியதுமே மூளையடியிலிருந்து ஒரு ஹார்மோன் புறப்படுகிறது. அது வந்து சேரும் கடைசிக் குழாயின் செல்களுக்குள் நீர்வாய்கள் சிறு பைகளில் தயாராக மடித்து வைக்கப்பட்டிருக்கும். சில நிமிடங்களில் அவை மேலே வந்து சுவரில் பதிகின்றன. அகணியில் சேர்த்துவைத்த உப்பு இப்போது பலன் கொடுக்கிறது. குழாயில் போகும் தண்ணீர் அந்த வாய்கள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியே வருவது கொஞ்சமே கொஞ்சம், மஞ்சளித்து. சாயங்காலம் நாலு சொம்பு மோர் உள்ளே போனதும் நீர்வாய்கள் மறுபடி பைக்குள் போய்விடும். அக்வாபோரின் என்ற இந்த நீர்வாய்க் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் அக்ரேவுக்கு 2003-ல் நோபல் கிடைத்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அன்றாடக் கழிவைக் கரைத்து வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு இறுக்கினாலும் முடியாது. அகணிக்கு இன்னொரு பலவீனம்: சேர்த்த உப்பு அடித்துக்கொண்டு போகாமலிருக்க அங்கே ரத்தம் மெதுவாகத்தான் ஓடும், அதனால் ஆக்சிஜன் எப்போதும் பற்றாக்குறை. நீர் வற்றிய உடம்பில், உடம்புவலிக்கென்று கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கைப் போட்டால், உள்வரும் தமனியைத் திறந்துவைத்திருக்கும் வேதிப்பொருளும் அடங்கிவிடுகிறது. வெட்டு முடிந்த இரவில் வலி மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். எல் சால்வடார், நிகரகுவாவில் கரும்பு வெட்டும் இளைஞர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்தது. வெயிலில் ஓயாத வேலையும் நீரிழப்பும்தான் முதல் சந்தேகம். தண்ணீர், நிழல், ஓய்வு இந்த மூன்றையும் வேலைநேரத்துக்குள்ளேயே கொடுக்கும் ஏற்பாடு அங்கே வந்திருக்கிறது. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை நெல்விவசாயிகளையும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியையும் பிடித்திருக்கும் நோய்க்குக் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

டயாலிசிஸ் இயந்திரம் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்து உயிரைக் காப்பாற்றுகிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதனால் வெளியேற்ற மட்டும்தான் முடியும். வாசலில் போட்டதைப் பார்த்துப் பார்த்து உள்ளே எடுக்கத் தெரியாது. ரத்த அணுக்களை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனையும் அது சுரக்காது. உண்மைச் சிறுநீரகத்தில் அது சுரக்கும் இடம் குழாய்களுக்கு இடையிலான திசு, ஆக்சிஜன் குறைவது சட்டென்று தெரிகிற இடம். அந்த ஹார்மோனைத் தூய்மையாக்கிப் பிரித்தெடுக்க 1977-ல் தேவைப்பட்டது, கடும் ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து ஜப்பானில் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீர்.

இயந்திரத்தால் இதெல்லாம் முடியாததால்தான் மாற்றுச் சிறுநீரகம். இந்தியாவில் முதல் வெற்றி 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். புதியதைப் பழைய இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில் தொடைக்கு மேலாக வைத்து, அங்குள்ள ரத்தக் குழாய்களில் தைப்பார்கள். பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். நரம்பை யாரும் இணைப்பதில்லை. இருந்தும், உயிரோடு இருப்பவர் கொடுத்ததென்றால், பல சமயம் அறுவை மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும். கொடுத்தவரிடம் மிஞ்சிய ஒன்றும் சில வாரங்களில் பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. அதற்காக ஒரு நெஃப்ரான்கூடப் புதிதாகப் பிறப்பதில்லை. தாயின் வயிற்றில் 36-ம் வாரத்தோடு அந்த உற்பத்தி முடிந்துவிட்டது. இருப்பவை ஒவ்வொன்றும் கொஞ்சம் பெருத்து, கொஞ்சம் அதிகமாக வடித்து, அதற்கு ஈடாக மீட்டுக்கொள்கின்றன.