பொது அடுப்பும் உறவுக் கட்டமும்: குடித்தனக் கணக்கெடுப்புகளில் தன்பாலின இணையர்

எதனை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுகிறோம் என்பதே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் மரபில் மணமான இணை ஒரு 'புள்ளி'; கோயில் வரி புள்ளிக்கணக்கிலேயே பெறப்படுகிறது. காரைக்குடியின் ஒரே வீட்டில் பல புள்ளிகள் தனித்தனியே சமைத்து வாழ்ந்ததுண்டு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்போ குடித்தனத்தை வரையறுக்க மணத்தைக் கொள்வதில்லை. பொது அடுப்பில் உண்டு சேர்ந்து வாழ்வோர், உறவினராயினும் அல்லராயினும், ஒரு குடித்தனம் ஆவர். ஆகவே இணைந்து வாழும் இரு பெண்கள் புள்ளிக்கணக்கில் இடம்பெறார். குடித்தனக் கணக்கில் இடம்பெறுவர்.

இவ்விடத்தை அடுத்த கட்டமே பறித்துவிடுகிறது. தேசிய மாதிரிக் கூறாய்வின் 'குடும்பத் தலைவருடனான உறவு' என்னும் கட்டத்தில் கணவன் அல்லது மனைவிக்குக் குறியீடு 2. பணியாளருக்கும் உறவினரல்லாத பிறருக்கும் குறியீடு 9. 'வாழ்விணையர்' என்றொரு குறியீடு இல்லை. இருபதாண்டு உடன் வாழ்ந்தவரும் வீட்டுப் பணியாளரும் தரவில் ஒரே எண்ணாகின்றனர். பின்னர் எந்தப் பகுப்பாய்வாலும் அவர்களைப் பிரித்தறிய இயலாது.

புதிய குறியீடு ஒன்றைச் சேர்த்தால் போதுமா எனின், போதாது. அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பு தன்பாலின இணையர் குடித்தனங்களை முதலில் 9,01,997 எனக் காட்டியது. திருத்திய மதிப்பீடு 6,46,464 மட்டுமே. ஆண்-பெண் இணையருள் மிகச் சிலர் பாலினக் கட்டத்தைத் தவறாகக் குறித்ததே இம்மிகைக்குக் காரணம். ஒரு லட்சம் இணையரில் ஆயிரத்தில் ஒருவர் பிழைத்தாலும் நூறு பொய்யான இணைகள் தோன்றும். சிறுபான்மையை எண்ணுகையில் பெரும்பான்மையின் சிறுபிழையே பெருந்தொகையாகிறது.

இந்தியச் சூழலில் எதிர்த்திசைப் பிழையும் உண்டு. இங்குக் கணக்கெடுப்பாளர் வாய்மொழியாக வினவ, வீட்டிலுள்ள ஒருவரே அனைவருக்குமாக விடையளிக்கிறார். 2018 வரை குற்றமாயிருந்த உறவினைத் திண்ணையில் அயலார் கேட்க உரைப்பார் அரியர். மிகையைச் சரிபார்ப்பு வினாவால் களையலாம். மறைப்பை அவ்வாறு களைய இயலாது. அதற்குத் தனிமையில் தாமே நிரப்பும் படிவம் வேண்டும்.

இது வெறும் முறையியல் சிக்கலன்று. 2023இல் சுப்ரியோ வழக்கில், தன்பாலினத் திருமணக் கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என ஒன்றிய அரசு வாதிட்டது. சிற்றூரில் இத்தகைய இணையரைக் காட்டவல்ல கருவி அரசிடம் இருந்ததில்லை. 2024இல் உணவு, பொது விநியோகத் துறை, குடும்ப அட்டை நோக்கில் இத்தகைய இணையரை ஒரே குடித்தனமாகக் கருதுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அரிசி வழங்க ஏற்கப்பட்ட உறவு, எண்ணுவதற்கு மட்டும் 'பிறர்' ஆகலாகாது. குறியீடு 9ஐப் பிரிப்பதே முதற்பணி. அதுவரை தரவின் மௌனம் அவர்கள் இல்லை என்பதற்குச் சான்றாகாது.