எதன் பக்கத்தில் எதை வைப்பது

புரட்டாசி பிறந்ததும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் நடைபாதை பொம்மைகளுக்குச் சொந்தமாகிவிடும். பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மைகள், காஞ்சிபுரத்துக் களிமண் பொம்மைகள், கொண்டபள்ளி மரச் செட்டு, தஞ்சாவூர்த் தலையாட்டி எல்லாம் வைக்கோல் ஒட்டியபடியே வரிசையாக நிற்கும். வாங்க வரும் பெண்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பொம்மையைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணைப் பார்ப்பார்கள், இரண்டும் ஒரே திசையில் எழுதியிருக்கிறதா என்று. அடுத்து உயரத்தைச் சாணால் அளப்பார்கள். "இது மூணாவது படியில மீனாட்சி கல்யாணத்துக்குப் பக்கத்துல வரணும், இவ்வளவு உசரம் வேண்டாம்ப்பா." விலை பேசுவதற்கு முன்பே அந்தப் பொம்மைக்கு வீட்டில் இடம் முடிவாகியிருக்கும்.

என் பாட்டி நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது பேச மாட்டாள். மேல் படியில் கலசமும் மரப்பாச்சியும் வைத்துவிட்டு, கூடத்து வாசற்படி வரை பின்னால் நடந்துபோய், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். திரும்பி வந்து தசாவதாரத்தில் வாமனரை மட்டும் அரை விரற்கடை நகர்த்துவாள். ஒரு வருஷம் மாமா பம்பாயிலிருந்து பிளாஸ்டிக் ரயில் ஒன்று கொண்டுவந்தார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. செட்டியார் கடைப் பொம்மைக்கு அடுத்து, மளிகை மூட்டை வந்து இறங்குகிற மாதிரி அதை நிறுத்தினாள். மறுநாள் வந்தவர்கள் எல்லோரும் செட்டியாரைத்தான் புதிதாகப் பார்த்தார்கள். வருஷா வருஷம் அதே தொந்தியோடு உட்கார்ந்திருந்தவர் ரயிலால் திடீரென்று வியாபாரியாகிவிட்டார்.

ஓவியக் கூடங்களில் கியூரேட்டர் என்கிறார்களே, அவருடைய வேலை இதுதான். எதன் பக்கத்தில் எதை வைப்பது, நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது. நல்ல கண்காட்சியில் ஒரு படம் இன்னொரு படத்தைக் கண்ணில் ஏற்றிவைக்கும். மோசமான கண்காட்சியில் எல்லாப் படங்களும் ஒரே சத்தமாக இருக்கும், வெளியே வந்தால் ஒன்றுகூட நினைவில் நிற்காது.

கொலுவில் இன்னொன்றும் உண்டு. படி என்றாலே மேல், கீழ். தெய்வம் மேலே, மகான்கள் அதற்குக் கீழே, மனிதர்கள் அதற்கும் கீழே, விலங்கும் செடியும் தரையில். ஓவிய உலகத்திலும் இப்படிப் படிகள் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேன்வாஸில் வரைந்தவர் ஒரு படி, பத்திரிகையில் வரைந்தவர் ஒரு படி, காலண்டருக்கு வரைந்தவர் அதற்கும் கீழே, கைவினைஞர் தரையில். சென்னையில் எனக்குப் பிடித்த கண்காட்சிகள் எல்லாம் இந்தப் படிகளில் ஒன்றையாவது இறக்கிவைத்தவை.

படியை இறக்கிவைப்பது இந்த ஊருக்கு இயல்பாகவே வந்திருக்க வேண்டியது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளி ஆரம்ப காலத்தில் கைத்தொழிலையும் சொல்லிக்கொடுத்த பள்ளிதான். 1929இல் அதன் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர், ஓவியத்தையும் சிற்பத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். 1957இல் அவருக்குப் பின் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் மாணவர்கள் உலோகப் பட்டறைப் பக்கமும் திரும்பினார்கள். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்துக் கோடாக ஓட்டிய சிற்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் கோயில் வாகனத்துக்குக் கவசம் அடிக்கும் கன்னாரின் கை நினைவுக்கு வரும். முன்னாலிருந்து மட்டுமே பார்க்கும்படி நிற்கும் அந்தச் சிலைகள், அலங்காரம் செய்த உற்சவர் நிற்கிற மாதிரியே நிற்கும். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்ததும் கைவினையின் தயவால்தான். ஓவியம் விற்காத காலத்தில் துணியில் பாத்திக் போட்டு விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கியவர்கள் அவர்கள்.

அந்தக் கிராமத்தில் வாழ்ந்தவர் கே. ராமானுஜம். திருவல்லிக்கேணிப் பிள்ளை, பேச்சு திக்கும், மனநோய் உண்டு. 1973இல், முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதில், தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார். அவருடைய மையோவியம் ஒன்றின் முன் நின்றால் முதலில் கறுப்பு ஒரு பின்னலாக மட்டும் தெரியும். இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், பாம்பு தூணாகும், சிறகு முளைத்த உருவங்கள் மாடத்தில் வந்து அமரும். தாளில் காலி இடமே இருக்காது. தேரின் மரச்சிற்பத்தில் ஒரு விரல் அகலம்கூட வெறுமையாக விடாத தச்சனின் பழக்கம் அது. இத்தனை நெரிசலுக்கு நடுவே தொப்பி வைத்த சின்ன மனிதர் ஒருவர் இருப்பார். அவர்தான் ராமானுஜம். பேசத் திணறியவர் கட்டிய நகரத்தில் அவருக்கு மட்டும் எங்கும் போக அனுமதி.

இந்தப் படத்தின் பக்கத்தில் எதைத் தொங்கவிடுவது? பலமுறை பார்த்த ஏற்பாடு, பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. மலையாள எழுத்துப் போலத் தோன்றி எந்த மொழியிலும் படிக்க முடியாத வரிகள், ஜாதகக் கட்டம், கணக்குப் பட்டியல் எல்லாம் சேர்ந்த படங்கள். ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்துப் பிறந்த யோசனை என்பார்கள். ஆசிரியர் எழுத்தைப் படமாக்கினார், மாணவர் கனவைப் படமாக்கினார். பக்கத்தில் வைத்தால் இரண்டும் கோட்டை நம்பிய படங்கள் என்று புரியும். சென்னைக் கலை இயக்கம் என்று நாம் பெருமையோடு சொல்வதன் உயிர் அந்தக் கோடுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் இது ஒரே படிக்குள் நடக்கும் உறவு.

நான் பார்க்க ஆசைப்படுவது வேறொரு சுவர்.

சில்பி என்ற பி.எம். ஸ்ரீனிவாசன் (1919-1983) அதே கலைப் பள்ளியில் படித்தவர். கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து, மூலவரையும் தூணையும் சிற்பத்தையும் வரைந்தார். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று அவை வந்தபோது, போக முடியாத ஊர்களின் கோயில்கள் தமிழர் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. அவர் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். அட்டிகையின் ஒவ்வொரு மணிக்கும் தனி வளைவு. மணிக்குக் கீழே நிழல் விழும் இடத்தில் மெல்லிய கீற்றுகள், கல் உள்வாங்கும் இடத்தில் கீற்று நெருங்கும், புடைக்கும் இடத்தில் விலகும். கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கருங்கல்லின் குளிர்ச்சியையும் கருவறை விளக்கின் வெளிச்சத்தையும் அவரால் கொண்டுவர முடிந்தது.

கே.எம். ஆதிமூலம் (1938-2008) துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து வந்து அதே பள்ளியில் படித்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தவர். பிறகு வந்த அவருடைய மகாராஜாக்களைப் பாருங்கள். தலைப்பாகையில் பேனா ஆயிரம் முறை கீறியிருக்கும், முகம் வந்ததும் கோடு உடையும், மார்புக்குக் கீழே தாள் வெறுமையாகிவிடும். அரசர் பாதி நிற்கிறார், பாதி கரைந்துவிட்டார். கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்தபோதும் அதே பேனாதான். நாலு கீற்றில் ஒரு சம்சாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்.

சில்பியின் கோடு கல்லின் மீது கை வைத்து நகர்கிறது, ஆதிமூலத்தின் கோடு கல் உதிர்ந்த இடத்தில் தொடங்குகிறது. ஒரே பள்ளி, ஒரே மை, வீட்டுக்கு வந்த வழியும் ஒன்றே, வாரப் பத்திரிகை. ஆனால் ஆதிமூலத்தை ஓவியர் என்றும் சில்பியைப் பத்திரிகைப் படம் போட்டவர் என்றும் பிரித்துவிட்டோம். இருவரையும் ஒரே சுவரில், கண் மட்டத்தில், ஒரே அளவு சட்டத்தில் மாட்டினால் தமிழ்நாட்டுக் கோட்டின் முழுக் கதையும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அந்தச் சுவரில் எஸ். ராஜத்துக்கும் இடம் வேண்டும். மயிலாப்பூர் நடுத் தெருவில் வாழ்ந்தவர், 1919இல் பிறந்து 2010இல் மறைந்தவர், சங்கீத வித்வான், வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். அவரும் கலைப் பள்ளி மாணவர்தான். கண்ணை மூடிக்கொண்டு தியாகராஜரையும் தீட்சிதரையும் சியாமா சாஸ்திரியையும் நினைத்தால் சென்னைவாசிக்கு வரும் முகங்கள் அவர் வரைந்தவை. அஜந்தாவின் நீண்ட கண்ணையும் அடங்கிய நிறத்தையும் எடுத்து, தஞ்சாவூர் பிராமணர் மூவருக்குப் பொருத்தினார். அது காலண்டராகி, அழைப்பிதழாகி, சபா மேடையின் மாலை போட்ட படமாகிவிட்டதால், வரைந்தவர் பெயர் பலருக்குத் தெரியாமல் போயிற்று. எல்லோர் வீட்டிலும் இருக்கிற படத்தை ஒரு முறை கூடத்தில் வைத்து உற்றுப் பார்ப்பது அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொலுவில் முழு அதிகாரமும் பெண்ணுக்கு. சென்னைக் கலை இயக்கத்தின் கதையைச் சொல்லும்போது மட்டும் பெயர்கள் சட்டென்று குறைந்துவிடும். பொன்னானியிலிருந்து வந்து இங்கே படித்து 1969இல் இளம் வயதிலேயே பிரசவத்தில் இறந்த ஓவியர் டி.கே. பத்மினியும், சோழமண்டலத்தில் வாழ்ந்து 1988இல் மறைந்த அர்னவாஸும் 'இவர்களும் இருந்தார்கள்' என்று ஓரத்தில் ஒதுக்கப்பட வேண்டியவர்கள் அல்ல. பத்மினியின் பெண் உருவங்கள் ராமானுஜத்தின் மாடங்களுக்கு எதிர்ச் சுவரில் இருந்தால் அந்த அறையின் காற்றே மாறிவிடும்.

படிகள் இறங்கும் மாற்றம் நடக்காமல் இல்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் நடனக் கலைஞர் சந்திரலேகாவின் 'ஸ்பேஸஸ்' வளாகத்தில் நடனமும் தஷரத் படேலின் படங்களும் ஒரே மரநிழலைப் பகிர்ந்துகொண்டன. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் வெளியே குயவர் சக்கரம் சுற்றுகிறார், உள்ளே வரிஜா கூடத்தில் இன்றைய ஓவியம் தொங்குகிறது, இரண்டுக்கும் ஒரே சீட்டு. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் மேலே கண்காட்சி பார்த்துவிட்டு வரும்போது பட்டறையில் அச்சு மையின் வாசனை அடிக்கும், அதுவும் காட்சியின் பகுதிதான் எனக்கு.

பெரிய உடைப்பைச் செய்தது புகைப்படம். 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியென்னாலே, பறக்கும் ரயில் நிலையங்களில் படங்களை மாட்டியது. கூடத்துக்குள் கால் வைக்கத் தயங்குகிறவர்கள் வேளச்சேரி வண்டிக்குக் காத்திருக்கும்போது பார்த்தார்கள். 2019இல் கலைஞர் புஷ்பமாலா என். பொறுப்பில் நடந்தபோது, கடற்கரை எதிரே பூட்டிக் கிடந்த செனட் ஹவுஸுக்குள் நுழைய முடிந்தது. 2024 டிசம்பரில் தொடங்கிய நான்காம் பதிப்பில் வாடிப்பட்டியைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரன் தலித் கலைஞர்களின் படைப்புகளைத் தொகுத்து 'வானேறும் விழுதுகள்' என்று பெயர் வைத்தார். விழுது மண்ணைத் தேடி இறங்குவதுதான் வழக்கம். அதை வானத்துக்குத் திருப்பிய அந்த ஒரு சொல்லே ஒரு நல்ல ஏற்பாடு. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மாறினால் எது அழகு என்பதும் மாறும். வெளியிலிருந்து இரக்கத்தோடு எடுத்த படத்துக்கும், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடுத்த படத்துக்கும் இடையே கேமரா நிற்கிற உயரமே வேறு.

இன்னும் இறக்கிவைக்காத ஒரு படி மொழி. பல கூடங்களில் படத்துக்குக் கீழே இருக்கும் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும்தான். ஒரு கண்காட்சியில் மதிய நேரம், நானும் காவலாளியும் மட்டும் இருந்தோம். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குதிரை உருவத்தின் முன் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "எங்க ஊர் அய்யனார் குதிரை மாதிரியே இருக்கு சார். கீழ என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். எட்டு நாளாக அந்தப் படத்துக்குக் காவல் இருப்பவர். குதிரையின் காது ஏன் அப்படி மடங்கியிருக்கிறது, சுடுமண்ணில் காதை நீட்டிச் செய்தால் சூளையில் உடையும் என்று அவர் எனக்குச் சொன்னார். அந்தச் சீட்டில் எழுதியிருக்க வேண்டியது அதுதான்.

எல்டாம்ஸ் சாலை சி.பி. ஆர்ட் சென்டரிலிருந்து அடையாறு வரை, தென்சென்னையில் சுவர்களுக்குக் குறைவில்லை. சில்பி, ராஜம், ராமானுஜம், ஆதிமூலம், பத்மினி, பெயர் தெரியாத ஒரு பண்ருட்டிப் பொம்மைக்காரர் கண் எழுதிய முகம், இத்தனையும் ஒரே மட்டத்தில், தமிழில் எழுதிய சீட்டுகளோடு, ஒரு நவராத்திரிக்காவது இங்கே யாராவது வைத்துக் காட்ட வேண்டும்.

வைக்க வேண்டியவற்றில் பாதி உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். தாத்தாவோ பாட்டியோ வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, துணி ஒட்டி பைண்டு பண்ணிய பழைய விகடன் தொடர்கள் கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.