எதிர்த்தரப்பே நடுவர்

தமிழ்நாட்டில் கல்லூரிப் பேரவைத் தேர்தலை மறுபடி நடத்த வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், ஆதரிப்பவர்களும் தயங்குபவர்களும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். "லிங்டோ கமிட்டி விதிகள்தான் இருக்கே, அதன்படி நடத்திவிட்டுப் போகட்டும்." 2025-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. விதியை மீறிச் சுவர்களைப் பாழாக்கினால் 1 லட்சம் ரூபாய் கட்டுவதாக வேட்பாளர்களிடம் பத்திரம் கேட்டது. கண்டிப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மெச்சியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பத்திரத்தைவிட, அதைக் கேட்டது யார் என்பதில்தான் உறுத்தல்.

லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தல்களுக்கென எழுதிய அந்த விதிகளில் நல்லவை இல்லாமல் இல்லை. மனுத் தாக்கலிலிருந்து முடிவு வரை எல்லாம் 10 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது வகுப்புகளைக் காப்பாற்றுகிறது. அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை, கையால் எழுதியதற்கு மட்டும் அனுமதி என்பது ஏழை வேட்பாளருக்குச் சாதகம். கட்சிப் பணம் கூடாது, வெளியாள் கூடாது என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. உச்ச நீதிமன்றம் இந்த விதிகளுக்குக் கட்டாயத் தன்மை தந்தது 2006 செப்டம்பரில். அதற்கு முந்தைய மாதம்தான் உஜ்ஜைனில் மாணவர் தேர்தல் தகராறில் பேராசிரியர் சபர்வால் உயிரிழந்திருந்தார். ஏதாவது ஒரு கட்டுப்பாடு வந்தே தீர வேண்டிய நேரம் அது.

செலவு வரம்பைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய் என்று 2006-இல் எழுதிய தொகை அப்படியே கிடக்கிறது. டெல்லியில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதை அந்த ஊர்ச் சாலைகளில் குவியும் துண்டுப் பிரசுரங்களே சொல்லும். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ சுவரொட்டி அச்சடித்துவிட்டு, "அது நான் இல்லை" என்று கைவிரிக்கும் வேட்பாளர்களை அங்குள்ள பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதி அலுத்துவிட்டன. 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்காதே என்று சொல்லிவிட்டு, அதைப்போல 20 மடங்குத் தொகைக்குக் கையெழுத்துக் கேட்டால் துணிந்து போடுவது யார்? எந்த வேட்பாளரைத் தடுக்க இந்த விதிகள் வந்தனவோ, அவர்தான். இருந்தாலும் இது ஓட்டை விதி, அவ்வளவே. என் ஆட்சேபம் இதைவிட அடியில் இருக்கிறது.

மாணவர் சங்கம் எதற்காக? கட்டண உயர்வு, விடுதி, உதவித்தொகைத் தாமதம், பாலியல் தொல்லைப் புகார்கள், தேர்வுக் குளறுபடி என்று ஒவ்வொன்றையும் பேச மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது பல்கலைக்கழக நிர்வாகம். சங்கத்துக்கு நிரந்தர எதிர்த்தரப்பு என்று ஒன்று உண்டென்றால் அது நிர்வாகம்தான். லிங்டோ விதிகள் தேர்தலின் சாவிக்கொத்தை முழுதாக அந்தத் தரப்பிடமே கொடுத்துவிட்டன.

புகார்களை விசாரிக்கும் குழுவின் தலைவர் மாணவர் நல டீன். கூடவே ஒரு மூத்த ஆசிரியர், ஒரு மூத்த நிர்வாக அதிகாரி, இறுதியாண்டு மாணவர் இருவர். ஐவரில் மூவர் நிர்வாகத்தின் ஆட்கள். தேர்தல் முடிவு வரும்வரை அந்த இரண்டு மாணவர்களையும் மதிப்பெண்ணையோ பிற நிகழ்ச்சிகளில் பங்கேற்றதையோ பார்த்து நியமித்துக்கொள்ளலாம். குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்ய வேண்டியது நிறுவனத் தலைவரிடம். கட்டண உயர்வு ஆணையில் கையெழுத்துப் போட்டவரிடமேதான் கடைசி முறையீடும்.

இதே லிங்டோதான் 2002-இல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, குஜராத் கலவரத்துக்குப் பிறகு அவசரமாகச் சட்டமன்றத் தேர்தல் நடத்த மறுத்து நின்றவர். ஆளுங்கட்சித் தரப்பிலிருந்து வந்த வசவுகளைத் தாங்கி அவர் நிற்க முடிந்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டுமல்ல. அரசியலமைப்பின் 324-ஆம் பிரிவு தேர்தலை அரசின் கையிலிருந்து பிடுங்கி ஆணையத்திடம் கொடுத்திருக்கிறது. தேர்தலை நடத்துபவருக்கு அரசின் தயவு தேவைப்படக் கூடாது என்பதை நாட்டிலேயே நன்றாக அறிந்த மனிதர் தலைமையேற்ற குழு, மாணவருக்கென்று விதி எழுதும்போது அந்த ஒரு பாடத்தை எப்படி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது?

இதைவிட மோசமானது தகுதி விதி. குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர் மட்டுமல்ல, விசாரணைக்கு உள்ளானவரும் நிற்க முடியாது. நாடாளுமன்றத்துக்கு நிற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வழக்கு நடந்துகொண்டே இருக்கலாம், தண்டிக்கப்பட்டால்தான் சட்டம் தடுக்கும். அடுத்த வரி இன்னும் ஆபத்தானது. பல்கலைக்கழகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருந்தால் அந்த மாணவர் நிற்கக் கூடாது. என்ன நடவடிக்கை, எவ்வளவு கடுமை, மேல்முறையீட்டில் இருக்கிறதா, எதையும் விதி கேட்பதில்லை. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 2023 இறுதியில் கொண்டுவந்த நடத்தை விதிகளில், வகுப்புக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் போராடினாலே 20,000 ரூபாய் வரை அபராதம். போராடாதவர் எப்படிச் சங்கத் தலைவராவார்? போராடியவர் எப்படி வேட்பாளராவார்? தனக்கு எதிராக யார் நிற்கலாம் என்பதை நிர்வாகம் முந்தைய ஆண்டே முடிவு செய்துவிடலாம். ஒரு கடிதம் போதும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் அங்கே நாலாண்டு இடைவெளிக்குப் பின் தேர்தல் நடந்தது. பொதுச் செயலாளர் பதவிக்கு நின்ற இடதுசாரி அணி வேட்பாளரின் மனு, வாக்குப்பதிவுக்குச் சில மணி நேரம் இருக்கும்போது ரத்தானது. பல்கலைக்கழகம் அவர்மீது எடுத்திருந்த நடவடிக்கையைக் காட்டி, ஆர்.எஸ்.எஸ். சார்ந்த மாணவர் அமைப்பான ஏபிவிபி புகார் கொடுத்திருந்தது. இடதுசாரி அணி அவசரமாக, அம்பேத்கரிய மாணவர் அமைப்பான பாப்சாவின் வேட்பாளரை ஆதரித்தது, அவர் வென்றார். மாணவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள் என்பதால் விதி நல்லதாகிவிடாது.

சரி, நிர்வாகம் நடுவராக இருந்தால் பித்தலாட்டமாவது பிடிபடுமா? இதற்கு நம்மூர்ச் சம்பந்தமுள்ள உதாரணமே இருக்கிறது. 2018 செப்டம்பர் 13-ஆம் தேதி டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக ஏபிவிபி வேட்பாளர் வென்றார். அவர் பௌத்தவியல் முதுகலை மாணவர். தேர்தலில் நிற்பதற்கென்றே சேரும் துறை என்று அங்கே அதற்கு ஒரு பெயர். அவர் காட்டியிருந்த இளங்கலைப் பட்டம் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தினுடையது. அது போலி என்பதைக் கண்டுபிடித்தது டீனின் குழுவோ, சேர்க்கையின்போது சான்றிதழ் பார்த்த அலுவலகமோ அல்ல. தோற்ற அணியான காங்கிரஸ் மாணவர் அமைப்பு என்எஸ்யூஐ வேலூருக்கு எழுதிக் கேட்டு, "எங்கள் சான்றிதழ் இல்லை" என்ற பதிலை வாங்கி வெளியிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த விதிகளின் இயல்பைக் காட்டுகிறது. தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்குள் பதவி காலியானால் மறுதேர்தல், அதற்குப் பிறகு காலியானால் துணைத் தலைவரே தலைவராகலாம் என்கின்றன லிங்டோ விதிகள். வேலூரிலிருந்து பதில் கையில் கிடைத்தும் டெல்லியில் சரிபார்ப்பு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. சேர்க்கை ரத்தாகி நாற்காலி காலியானது நவம்பர் நடுவில், இரண்டு மாதக் கெடு கடந்த பிறகு. அதே அமைப்பின் துணைத் தலைவர் தலைவரானார். தாமதம் வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரு தரப்புக்கு ஆதாயம் தரும் தாமதத்தைச் செய்ய நிர்வாகத்துக்கு வசதி இருந்தது, அதைக் கேள்வி கேட்கத் தனி ஆணையம் இல்லை. அது போதும்.

தண்டனை யார்மீது விழுகிறது என்பதையும் பாருங்கள். 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி டெல்லியில் 50,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் வாக்களித்தார்கள். நகரச் சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. முடிவு வந்தது நவம்பர் 25-ஆம் தேதி. சுவரொட்டி ஒட்டியவர்கள் சிலர், இரண்டு மாதம் சங்கமில்லாமல் இருந்தவர்கள் எல்லோரும். ராஜஸ்தானில் 2023-இல் மாநில அரசு மாணவர் தேர்தலையே ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, லிங்டோ விதிகள் மீறப்படுகின்றன என்பது. தேர்தலை நேர்மையாக நடத்த எழுதிய விதி, நடத்தாமலிருக்கச் சாக்காகப் பயன்பட்டது.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். மாணவர்களிடம் விட்டால் அடிதடிதான், நிர்வாகம் இல்லாமல் முடியாது என்பார்கள். நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களே தங்களுக்குள் தேர்தல் குழு அமைத்து, வேட்பாளர்களை இரவெல்லாம் மேடையில் விவாதிக்க வைத்து, வாக்கெண்ணி முடிவை அறிவிக்கும் வழக்கம் லிங்டோவுக்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. சிறிய வளாகங்களுக்கு உகந்த முறை என்று கமிட்டியே அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுட்டியிருக்கிறது. அப்படியும் 2008-இல் அங்கேயே தேர்தலுக்குத் தடை விழுந்தது, லிங்டோ விதிகளைப் பின்பற்றவில்லை என்பதற்காக. நன்றாக நடந்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தி, 2012 மார்ச் வரை மாணவர்களைச் சங்கமில்லாமல் வைத்திருந்த சாதனையும் இந்த விதிகளுடையதே. சின்ன வளாகத்தில் முடியும், பெரிய இடத்தில் முடியாது என்று வாதிடலாம். நான் ஏற்கமாட்டேன். 2024-இல் அந்தச் சின்ன வளாகத்தில் வாக்களித்தவர்கள் 70 விழுக்காட்டுக்கும் மேல். அதே ஆண்டு டீன்களும் முதல்வர்களும் காவல் துறையும் சேர்ந்து நடத்திய டெல்லித் தேர்தலில் 40 விழுக்காட்டையும் தொடவில்லை.

ஆகவே தமிழ்நாட்டில் பேரவைத் தேர்தல் கேட்பவர்கள் லிங்டோ பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் தேர்தல் குழு, கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒரு மேல்முறையீட்டு அதிகாரி, ஒழுங்கு நடவடிக்கை என்ற வரிக்கு முழுக்கு. இந்த மூன்றும் இல்லாத தேர்தலில் வெல்பவர் முதல்வர் அறை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவார்.

லிங்டோ கமிட்டியின் அறிக்கையில் யாரும் மேற்கோள் காட்டாத பரிந்துரை ஒன்று உண்டு. தேர்தலுக்குச் சூழல் இல்லாத இடங்களில் நியமன முறை தற்காலிகமாக இருக்கலாம், ஐந்தாண்டுக்குள் அதைத் தேர்தலாக மாற்றிவிட வேண்டும் என்பது அது. 2006-இலிருந்து எண்ணினால் அந்தக் கெடு 2011-இல் முடிந்தது. ஒரு சுவரொட்டிக்காக வேட்பாளரின் மனுவைத் தள்ளுபடி செய்யும் இந்த விதிகளில், தேர்தலே நடத்தாத துணைவேந்தருக்கு என்ன தண்டனை என்று ஒரு வரிகூட இல்லை.