தைத்தவர் பெயர் எங்கே?

பழங்குடிக் கைவினையைக் காப்பாற்ற ஒரு சிறு காட்சியகமும் அதை ஒட்டி ஒரு கடையும் போதும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. உதாரணம் கேட்டால் நீலகிரியைக் காட்டுவார்கள். அங்குள்ள தோடர் பழங்குடியினரின் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் இந்தப் பேச்சுக்குத் தெம்பு கூடிவிட்டது.

நன்மை இல்லாமல் இல்லை. தோடர் பெண்கள் தங்கள் குடியிருப்பான மந்தில் இருந்தபடியே நாலு காசு பார்க்கிறார்கள். போலிச் சரக்கைத் தோடர் வேலை என்று விற்பவரைத் தட்டிக்கேட்கச் சட்டம் இருக்கிறது. தோடர் போர்த்தும் பூத்துக்குளிச் சால்வையில் இருந்த பூவேலை மொபைல் பைக்கும் மேசை விரிப்புக்கும் வந்துவிட்டதே என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். எதைத் தைத்து விற்பது என்பது அவர்கள் பாடு.

என் மனத்தாங்கல் வேறு, பழையது. இத்தகைய காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் சால்வையின் சீட்டில் ‘தோடர், நீலகிரி’ என்றிருக்கும். தைத்தவர் பெயர் இராது. ஆண்டும் பெரும்பாலும் இராது. கடைச் சீட்டில் விலை மட்டும் கூடுதல். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், முன்கூட்டி எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே கோலம் எழுப்பும் வேலை அது. ஓர் இழை பிசகினால் வரிசையே கோணிவிடும். அந்தக் கணக்கு ஒருத்தியின் தலைக்குள் ஓடுகிறது. ‘இனம்’ ஊசி பிடிப்பதில்லை. சோழமண்டல ஓவியர் கிராமத்துப் படமொன்றுக்குத் ‘தமிழர், சென்னை’ என்று சீட்டு ஒட்டினால் வரைந்தவர் சும்மா இருப்பாரா?

இது கூட்டுக் கலை, தனிப்பெயர் அவர்கள் மரபில் இல்லை என்பார்கள். தங்கள் எருமைகளுக்கே தனித்தனிப் பெயர் வைக்கும் மக்களைப் பற்றியா இந்தப் பேச்சு? மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலில் தோடர் குடும்பங்களின் வம்சாவளியைப் பெயர் பெயராக அடுக்கியிருக்கிறார். மொழியியலாளர் எமனோ 1971-இல் பதிப்பித்த தோடர் பாடல்களிலும் இன்னார், இன்ன மந்து, இன்ன எருமை என்றே வருகிறது. காலனிய ஆட்சிக் காலத்து ஆய்வாளருக்குக் கிடைத்த பெயர் இன்றைய காட்சியகச் சீட்டுக்கு எட்டவில்லை.

முடியாத காரியமுமில்லை. 1982-இல் திறந்த போபால் பாரத் பவன் கலை மையம், கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷியாமை அவர் பெயரிலேயே உலகுக்குக் காட்டியது. அதனால் கோண்டு ஓவியம் தேய்ந்துவிடவில்லை. அந்தப் பாணிக்கே அவர் பெயர் நின்றது. வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். புவிசார் குறியீடோ இடத்தோடும் சமூகத்தோடும் நின்றுவிடுகிறது. சரக்கு அசல் என்று வாங்குபவருக்கு உறுதி கொடுக்கும், செய்தவர் யார் என்று காட்டாது.

பெயரைத் தேடி அலையவும் வேண்டாம். காசு கொடுக்கும்போது எழுதும் பதிவேட்டில் இன்னாருக்கு இவ்வளவு என்று இருக்கத்தானே செய்யும்? அது சீட்டுக்கு வராததற்கு மரபைக் காரணம் சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை. பெயர் தெரிந்தால் வாங்குபவர் நேரே மந்துக்குப் போய்விடுவார், அடுத்த முறை தைத்தவர் கேட்கும் விலையைத்தான் கொடுக்கவேண்டியிருக்கும். கடைக்காரருக்கு இது தெரியும்.